வாசப்படிக்கு அந்தாண்ட நின்ன வண்டி

எனக்கு வாய் ஜாஸ்தின்னு எங்க தெருவுக்கே தெரியும். மனசுல ஒண்ணை வெச்சிக்கிட்டு வெளிய ஒண்ணு பேச எனக்கு வராது. அவரு இருந்த வரைக்கும் அது ஒரு குறையாவே படல. நான் கத்துறதையெல்லாம் கேட்டுட்டு, முடிஞ்சுதா குல்ஷன், ஒரு டீ போடுன்னு சொல்றதுக்கு ஆள் இருந்தாரு. இப்ப அதே பேச்சுக்கு ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வெச்சிக்கிறாங்க.

அவருன்னா என் வீட்டுக்காரரு ஜமால். மேற்கு தாம்பரம் மார்க்கெட்ல மெத்தை, தலகாணிக் கடை வெச்சிருந்தாரு. போன அக்டோபர் மழையில ஒரு நாள், மத்தியானம் சாப்பிட வந்தவரு நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு சோபாவுல உக்காந்தாரு. சாயங்காலம் மஃரிப் பாங்கு சொல்றப்ப மய்யத்தா வீட்டுக்குத் திரும்பி வந்தாரு. போட்டு வெச்ச சோறு தட்டுல அப்படியே இருந்துச்சு.

அன்னியில இருந்து நான் இத்தா. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்கள்ல புருஷன் மவுத்தாயிட்டா பொம்பளை நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளிய போகாம இருக்கணும். நகை நட்டு, அத்தர், பகட்டுத் துணி எதுவும் கூடாது. அன்னிய ஆம்பளைங்க எதிர்ல வரக் கூடாது. மொத நாளே என் கொழுந்தன் உஸ்மான் வந்து, அண்ணி, வாசப்படியை மட்டும் தாண்டிடாதீங்கன்னு சொல்லிட்டான். அவன் வந்து சொல்லணும்னு இல்ல. எங்க அம்மா இத்தா இருந்ததைக் கூட இருந்து பார்த்தவ நான். பெரியமேட்டுல ஒத்த ரூம் வீடு, வாசப்படியில இருந்து காலைக் கீழ வெச்சா ரோடு. குப்பையைக் கொட்டக் கூட அம்மா அந்தப் படியை இறங்கல. இத்தான்னா வாசப்படிதான்னு எனக்குச் சின்ன வயசுலயே மனசுல பதிஞ்சு போச்சு.

இப்ப நாங்க இருக்கற வீடு முடிச்சூர் ரோட்டுல இருந்து உள்ளே வர்ற தெருவுல. அவரு பார்த்துப் பார்த்துக் கட்டினது. ஹால் படியை இறங்கினா போர்டிகோ, போர்டிகோவுல வண்டி, அதுக்கு அந்தாண்ட ஆள் உயரத்துக்கு இரும்பு கேட்டு. ஹால் ஜன்னலைத் திறந்தா வண்டியோட ஒரு பக்கம் தெரியும். ஜன்னலுக்கும் வண்டிக்கும் நடுவுல ரெண்டு செருப்பு ஸ்டாண்டு வைக்கிற எடம்தான் இருக்கும். இத்தா பூரா என் பொழுது அந்த ஜன்னலோரத்துலதான் போச்சு.

வண்டி பழைய குவாலிஸ். அசார் பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்த காலத்துல வாங்கினது. அசார் எங்க ஒரே புள்ள. வாங்கின கையோட அவரு சீட்டையெல்லாம் கழட்டிக் கடைக்குக் கொண்டு போயி, நல்ல இலவம்பஞ்சா எடுத்து அவரு கையாலயே அடைச்சுத் தெச்சாரு. மெத்தைக் கடைக்காரன் வண்டியில ஏறினவன் தூங்கலைன்னா எனக்குக் கேவலம்னாரு. நிசமாவே தூங்குவாங்க. கோவளம் தர்காவுக்குப் போயிட்டு, திரும்பறப்ப படகுக்காரங்க கிட்ட மீன் வாங்கிப் போட்டுக்கிட்டு வருவோம். கேளம்பாக்கம் வர்றதுக்குள்ள வண்டியே குறட்டை விடும். மீன் தண்ணி ஒழுகி ஒரு மாசம் நாறும், அதுக்கு நான் அவரைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்குவேன், அடுத்த தரமும் அவரு மீன் வாங்குவாரு. எதிர்வீட்டு தீபாவுக்குத் திருநீர்மலையில கல்யாணம் நடந்தப்ப பொண்ணும் மாப்பிள்ளையும் வந்ததும் இதே வண்டிதான். முடிச்சூர்ல வெள்ளம் வந்த வருஷம் தெருவுல பாதிப் பேரை ஏத்திக்கிட்டுப் போயி மேட்டுல விட்டாரு. ஜமால் பாய் வண்டின்னா எங்க ஏரியாவுல ஆட்டோக்காரன் கூட ஒதுங்கி வழி விடுவான்.

அந்த வண்டியிலதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அசார் ஓட்டினான். பின்சீட்டுல நான், என் மடியில அவரு தலை. மழைன்னா மழை, ஜி.எஸ்.டி ரோட்டுல வண்டி நகரவே இல்ல. அசார் கண்ணாடி வழியா பார்த்துப் பார்த்துக் கேட்டுக்கிட்டே வந்தான், அத்தா பேசறாராம்மா, அத்தா பேசறாராம்மான்னு. பேசறாருடா, நீ ரோட்டைப் பாருன்னு சொல்லிக்கிட்டே நான் அவரு காதுல கலிமா சொன்னேன். சானடோரியம் கிட்ட என் கட்டைவிரலைப் பிடிச்சிருந்த அவரு கை லூசாச்சு. எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா ஸ்டீரிங்கைப் பிடிச்சிருக்கற புள்ளைக்கிட்ட அதை எப்படிச் சொல்றது. நல்லாருக்காருடா, தூங்கறாருன்னேன். ஆஸ்பத்திரியில டாக்டர் வந்து சொன்னதெல்லாம் எனக்குப் பழைய சேதி.

எங்க ஜமாஅத்துல பொம்பளைங்க கபர்ஸ்தானுக்குப் போற வழக்கம் இல்ல. அவரை எந்த மூலையில வெச்சாங்கன்னு அசார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேப்பமரத்துக்கு வலது பக்கம்னான். எந்த வேப்பமரத்தை நான் கண்டேன். எனக்குன்னு இருக்கற எடம் அந்தப் பின்சீட்டு ஒண்ணுதான். இத்தா முடிஞ்ச அன்னிக்கு மொத வேலையா படி இறங்கி, பின்கதவைத் திறந்து, அவரை வெச்சிருந்த எடத்துல உக்காந்து அவருக்காக ஒரு யாசீன் சூரா ஓதணும். இவ்வளவுதான் எனக்கு வேணும்னு இருந்துச்சு. ஊருக்கே கேக்கற மாதிரி பேசறவ, இதை மட்டும் யாருக்கிட்டயும் சொல்லல. சொன்னா கிறுக்குப் பிடிச்சிருக்குன்னுவாங்க.

அசாருக்கு ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை. முன்னாடியெல்லாம் பைக்ல போயிட்டு வந்துக்கிட்டு இருந்தான். அவரு போனதுக்கு அப்புறம் நான்தான் ஒத்தைக் கால்ல நின்னேன், இனிமே பைக்கைத் தொடக் கூடாதுன்னு. படப்பை ரோட்டுல லாரிக்காரன் வர்ற வரத்துக்கு, அதுவும் மழைக்காலத்துல, பைக்ல போன புள்ள திரும்பி வர்ற வரைக்கும் நான் ஜன்னல்ல உக்காந்து சாகணுமா? அத்தா வண்டி சும்மாதானே நிக்குது, அதுல போடான்னேன். சாவியை எடுத்துக்கிட்டுப் போனான். அவனும் அவரு மாதிரிதான், வாயில இருந்து வார்த்தை வராது.

டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை உஸ்மான் வந்தான். ஹால்ல திரைக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு சுத்தி வளைச்சுப் பேசினான். வண்டி லிட்டருக்கு ஒம்போது கூடக் குடுக்க மாட்டேங்குதாம். அசார் சம்பளத்துல பாதி டீசலுக்கே போகுதாம். திரும்பவும் எஃப்.சி எடுக்கற வருஷமாம், ஸ்பேர் ஒண்ணும் கிடைக்கறதில்லையாம். தெரிஞ்ச ஷோரூம்ல எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கறாங்களாம், சின்ன வண்டியாப் போட்டா பெட்ரோல் செலவு பாதியாயிடுமாம். எல்லாம் சொல்லிட்டு, வண்டி அண்ணன் பேர்ல இருக்கறதால வாரிசுன்னு அண்ணி ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்னான்.

வந்துச்சே எனக்குக் கோபம். உங்க அண்ணன் கபர் மண்ணு காயல, அதுக்குள்ள அவரு வண்டிக்கு விலை பேச வந்துட்டியாடான்னு ஆரம்பிச்சேன். வெள்ளத்துல உன் பொண்டாட்டி புள்ளைங்களைச் சுமந்துக்கிட்டு வந்தப்ப லிட்டருக்கு எவ்வளவு குடுத்துச்சுன்னு கேட்டியான்னேன். பாவம், அவன் டீயைக் கூடக் குடிக்காம எழுந்து போனான். அடுத்து அசார் வாங்கிக் கட்டிக்கிட்டான். உங்க அத்தா வெச்சிருந்தப்ப இதே வண்டிதானே டீசல் குடிச்சுதுன்னு கேட்டேன். அவன் மெதுவா, அத்தா வாரத்துக்கு ஒரு தரம் எடுத்தாரும்மா, நான் தினமும் ஒரகடம் போறேன்னான். கணக்குல அவன் சொன்னது சரிதான். சரியா இருந்ததால எனக்கு இன்னும் எரிச்சல் வந்துச்சு.

அதுக்கப்புறம் வீட்டுல அந்தப் பேச்சை யாரும் எடுக்கல. ஆனா அசார் சரியாச் சாப்பிடறதில்ல. வேலை முடிஞ்சு வந்தா போர்டிகோவுல வண்டியை நிறுத்திட்டு, இறங்காம கொஞ்ச நேரம் ஸ்டீரிங்கைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பான். நான் ஜன்னல்ல இருந்து பார்ப்பேன். அத்தா நெனப்புல உக்காந்திருக்கான், இவனுக்கும் இந்த வண்டி மேல ஆசைதான், சித்தப்பன் பேச்சைக் கேட்டு ஆடறான்னு நெனச்சுக்கிட்டேன். பெத்தவளுக்குப் புள்ள மனசு தெரியும்னு எனக்கு ஒரு திமிரு.

ஜனவரியில ஒரு நாள் சமையக்கட்டுல என் மருமக ஃபஹீமா மேல பாய்ஞ்சேன். சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு ஆரம்பிச்ச பேச்சு, வண்டியில வந்து நின்னுச்சு. நீதான் அவனுக்கு தூபம் போடற, மைலேஜ் மைலேஜுன்னு நீதான் அவன் மண்டையில ஏத்தறன்னேன். அமைதியான பொண்ணு அது, எதிர்த்துப் பேசாது. அன்னிக்குக் கரண்டியைக் கீழ வெச்சிட்டு என் பக்கம் திரும்பிச்சு.

"மாமி, மைலேஜெல்லாம் சும்மா. அவரு கண்ணாடியை மேல திருப்பி வெச்சிட்டு வண்டி ஓட்டறாரு."

எந்தக் கண்ணாடின்னேன். முன்னால தொங்கற கண்ணாடி மாமி, பின்னாடி வர்ற வண்டியைப் பாக்கறதுன்னுச்சு. ஃபஹீமாவோட அம்மா வீடு படப்பையில. போன வாரம் ரெண்டு பேரும் அங்க போயிருக்காங்க. போறப்பதான் கவனிச்சிருக்கு, கண்ணாடி கூரையைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. ஃபஹீமா கையை நீட்டிச் சரிபண்ணப் போனா, அவன் கையைத் தட்டி விட்டிருக்கான். மணிமங்கலம் பக்கம் வலது பக்கம் ஏறறப்ப, பின்னால வந்த டிப்பர் லாரியைப் பார்க்கவே இல்லையாம். லாரிக்காரன் பிரேக் அடிச்சு வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து வாயில வந்தபடி திட்டினானாம். அசார் ஓரமா நிறுத்திட்டு ஸ்டீரிங் மேலயே தலையை வெச்சிட்டானாம்.

"ஏங்க இப்படின்னு கேட்டேன் மாமி. 'கண்ணாடியில பார்த்தா அத்தா தெரியறாரு. அம்மா அழுதுக்கிட்டே நல்லாருக்காருன்னு சொல்றாங்க'ன்னாரு. ஷிஃப்டுக்குப் போற ரோடு பூரா அதேதானாம்."

நான் அங்கயே தரையில உக்காந்துட்டேன். அவனுக்குத் தெரியாதுன்னு இத்தனை நாளும் நெனச்சிக்கிட்டு இருந்தேனே. கண்ணாடியில அவன் அத்தாவை மட்டும் பார்க்கல, என் மூஞ்சியையும் பார்த்திருக்கான். தெரிஞ்சும் ஆஸ்பத்திரி வரைக்கும் அத்தா பேசறாராம்மான்னு கேட்டுக்கிட்டே ஓட்டியிருக்கான். நான் அவனுக்காக மறைக்க, அவன் எனக்காகக் கேட்டுக்கிட்டு வந்திருக்கான். அப்படிப்பட்ட புள்ளையை அதே வண்டியில உக்கார வெச்சு, தினமும் போயிட்டு வாடான்னு அனுப்பினவ நான். எனக்கு எது கபரோ, அது அவனுக்கு நரகமா இருந்திருக்கு.

ஃபஹீமா என் பக்கத்துல உக்காந்து, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மாமின்னுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா கஷ்டப்படுவீங்கன்னுதான் டீசல், மைலேஜுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாருன்னுச்சு. நான் முந்தானையால மூஞ்சியைத் துடைச்சிக்கிட்டு, உப்பு சரியாத்தான் இருக்கு, சோத்தைப் போடுன்னேன்.

சாயங்காலம் அசார் வந்தான். வழக்கம் போல வண்டியிலயே உக்காந்திருந்தான். அன்னிக்கு அதைப் பார்க்க எனக்கு முடியல, ஜன்னல் கதவைச் சாத்திட்டேன். அவன் உள்ளே வந்ததும், எங்கடா அந்தப் பேப்பருன்னேன். எந்தப் பேப்பரும்மான்னான். உங்க அத்தா வண்டி டீசலைக் குடிச்சே நம்மளை நடுத்தெருவுல நிறுத்திடும் போல இருக்கு, வித்துத் தொலை, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னேன். அவன் என்னையே பார்த்தான்.

"நிசமாத்தான் சொல்றியாம்மா? இத்தா முடியட்டும். அவசரமில்ல."

"ஏன், அது வரைக்கும் யாரு டீசல் போடறது? இந்த மாசமே முடி."

இத்தா முடியற வரைக்கும் நின்னா எனக்கு என் சீட்டு கிடைச்சிருக்கும். ஆனா அது வரைக்கும் தினமும் அந்த ரோட்டுல கண்ணாடியில்லாம போவானே இவன். வேணாம்னா லீவு போடற ஆளும் இல்ல, பைக்ல போடான்னு சொல்ல எனக்கும் தைரியமில்ல. எனக்கு அஞ்சு நிமிஷம் உக்காரணும்ங்கறதுக்காக இவனை லாரிக்குக் குடுக்க முடியுமா? போட்டேன் கையெழுத்து. அவன் பேப்பரை வாங்கிக்கிட்டுத் திரும்பினப்ப அவன் தோள் கொஞ்சம் இறங்கினதைப் பார்த்தேன். அத்தனை நாளா எதையோ தூக்கிக்கிட்டு நின்ன மாதிரிதான் நின்னிருக்கான், எனக்குத்தான் தெரியல.

வண்டியை எடுத்துட்டுப் போக ஷோரூம் ஆளு ஒரு சனிக்கிழமை காலையில வந்தாரு. அசார் அவரைக் கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சிட்டான். அம்மா இத்தாவுல இருக்காங்க சார், கொஞ்சம் இருங்கன்னு அவன் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. என் விஷயத்துல அவ்வளவு ஜாக்கிரதை. இத்தா விஷயத்துல எனக்கு ஒரு குறை வந்துடக் கூடாதுன்னு மொத நாள்ல இருந்து பார்த்துப் பார்த்துச் செஞ்சவன் அவன்.

அப்புறம் ஜன்னல்கிட்ட வந்தான். "அம்மா, கடைசியா ஒரு தரம் பார்த்துக்கறியா?" ன்னான். நான் வாசக்கதவு வரைக்கும் வந்து நின்னேன். படி இருந்துச்சு, படிக்குக் கீழ போர்டிகோ, அங்க வண்டி. ஒரு எட்டுதான். அவன் படியைப் பார்த்தான், நான் படியைப் பார்த்தேன். நீ ஜன்னலுக்கு வாம்மா, நான் வண்டியைக் கிட்ட கொண்டு வர்றேன்னு ஓடினான்.

ரெண்டு மூணு தரம் முன்னால பின்னால எடுத்து, பின்கதவு சரியா ஜன்னலுக்கு நேரா வர்ற மாதிரி ஒட்டி நிறுத்தினான். பின்கதவுக் கண்ணாடியை அவனே இறக்கி விட்டான். அதை இறக்கறப்ப அவன் சீட்டைப் பார்க்கல, மூஞ்சியைத் தெருப்பக்கம் திருப்பிக்கிட்டான். எனக்கு எது வேணும்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது, நான்தான் யாருக்கிட்டயும் சொல்லலையே. மடியில அவரை வெச்சிருந்த எடம் கண்ணுக்கு முன்னால இருந்துச்சு. அந்தப் பக்கம் சீட்டு இன்னும் லேசாப் பள்ளமாத்தான் இருந்துச்சு.

ஜன்னல் கம்பிக்கு நடுவுல கையை விட்டேன். தோள் வரைக்கும் போச்சு, அதுக்கு மேல போகல. தோளைக் கம்பியில அழுத்திப் பார்த்தேன். விரல் நுனி கதவு விளிம்பு ரப்பரைத் தொட்டுச்சு, சீட்டுக்கு இன்னும் ஒரு முழம் இருந்துச்சு. ஃபஹீமா பின்னால நின்னு, மாமி, அந்தச் சீட்டை மட்டும் கழட்டி உள்ளே வெச்சிக்கலாமான்னு மெதுவாக் கேட்டுச்சு. அசார் காதுல விழுந்துடுச்சு. அவன் மூஞ்சி போன போக்கைப் பார்த்தேன். அந்தச் சீட்டை ஹால்ல போட்டா அவன் எந்த வீட்டுக்கு வருவான்? எதுக்குடி எடத்தை அடைச்சிக்கிட்டு, வேணாம்னு சொல்லிட்டேன். கையை வெளிய எடுத்தேன். போதும்டா, எடுத்துட்டுப் போகச் சொல்லுன்னேன். கம்பி பட்ட எடம் ஒரு வாரம் கன்னிப் போயிருந்துச்சு.

புது வண்டி பத்து நாள் கழிச்சு வந்துச்சு. சின்னது, சத்தமே இல்ல. வந்து நிக்கறது கூடத் தெரியாது. அசார் வேலைக்குப் போயிட்டு வர்றான், வந்ததும் இறங்கிடறான், ரெண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடறான். அல்ஹம்துலில்லாஹ், புள்ளை தேறிட்டான், எனக்கு அது போதும்னு மனசை ஒரு மாதிரி தேத்திக்கிட்டேன். இத்தா இருந்தவளுக்கு வாசப்படி எல்லை, அதை என்ன பண்ண முடியும், அல்லாஹ் நாயன் போட்ட சட்டம்னு விட்டுட்டேன்.

நோன்பு கிட்ட வர்ற சமயம், நிகத் என்னைப் பார்க்க வந்துச்சு. பொம்பளைப் புள்ளைங்க மதரசாவுல ஓதிக் குடுக்கற ஆலிமா அது, விஷயம் தெரிஞ்ச பொண்ணு. அன்னிக்கு மத்தியானம் கரண்டு இல்ல. ஹால்ல புழுங்கித் தள்ளுது. நான் விசிறியை வெச்சிக்கிட்டுப் போராடறேன். நிகத் சுத்தும் முத்தும் பார்த்துட்டு, இங்க ஏன் வேகணும் அக்கா, போர்டிகோவுல நாற்காலியைப் போட்டுக் காத்தாட உக்காருங்களேன்னுச்சு.

இத்தாவுல எப்படிம்மா படி தாண்டறதுன்னேன். அது புரியாம என்னைப் பார்த்துச்சு.

"போர்டிகோ உங்க வீடுதானே அக்கா. காம்பவுண்டுக்குள்ள எங்க வேணாலும் நடக்கலாம், உக்காரலாம். வீட்டை விட்டு வெளியதான் போகக் கூடாது. வாசப்படின்னு யாரு சொன்னா?"

யாரு சொன்னா. உஸ்மான் சொன்னான். எங்க அம்மா சொல்லாமலே சொன்னாங்க. நான் நம்பினேன், அசார் நம்பினான். டி.வி. போடலாமா, போன்ல பெரியப்பா பையன் பேசினா எடுக்கலாமான்னு ஒவ்வொண்ணையும் தெருக்கோடிப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டுட்டுத்தான் செஞ்சோம். இதை மட்டும் கேக்கல, ஏன்னா இது எல்லாருக்கும் தெரிஞ்சது. பெரியமேட்டு வீட்டுல படிக்குக் கீழ ரோடு. இங்க படிக்குக் கீழ என் வீடு. அந்த வித்தியாசம் ஒருத்தருக்கும் தோணல. நான் நிகத்தைத் திரும்பவும் கேட்டேன், அங்க ஒரு வண்டி நின்னா, அதுல ஏறி உக்காந்தா? கேட்டுக்குள்ள நிக்கற வண்டிதானே அக்கா, அதுல என்ன தப்புன்னுச்சு.

அது போனதுக்கப்புறம் எழுந்தேன். படியை இறங்கினேன். வெறும் கால்ல போர்டிகோ தரை சுட்டுச்சு. பின்கதவு நிக்கற எடம் எதுன்னு கண்ணால அளந்து, அங்க போயி நின்னேன். மூணு மாசம் தினமும் இங்க நின்னுச்சே. அசார் வேலைக்குப் போகாத நாள்ல பூராவும் நின்னுச்சே. எத்தனை யாசீன் ஓதியிருக்கலாம். அவரு பள்ளத்துல கையை வெச்சிக்கிட்டு ஒரு மத்தியானம் தூங்கியிருக்கலாம். கம்பியில தோளை அழுத்தி ஒரு முழத்துக்கு அல்லாடினேனே, ஒரு எட்டு வெச்சிருந்தா போதுமே. வாய் விட்டு அழுதேன். மவுத்தான அன்னிக்குக் கூட நான் அப்படி அழல.

கேட்டு திறக்கற சத்தத்தை நான் கவனிக்கல. அசார் அன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டான். புது வண்டியைத் தெருவுலயே விட்டுட்டு ஓடி வந்தான். யாராவது பார்க்கறாங்களான்னு தெருவைத் திரும்பிப் பார்த்துக்கிட்டு, ரெண்டு கையையும் விரிச்சு என்னை மறைச்சிக்கிட்டு நின்னான்.

"அம்மா, என்னம்மா வெளிய வந்துட்ட? இத்தா முடியலையே."

நாக்கு நுனியில இருந்துச்சு. இது வெளிய இல்லடான்னு மூணு வார்த்தை. என் வாய்க்கு அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தா அவனுக்கு எல்லாம் புரிஞ்சிருக்கும். ஜன்னலுக்கு நேரா அவ்வளவு கஷ்டப்பட்டு வண்டியை ஒட்டி நிறுத்தினது, நான் கம்பிக்குள்ள கையை விட்டது, அவன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னது, எல்லாம் சேர்ந்து அவனை அடிச்சிருக்கும். ஒரு வண்டியை விட்டு இப்பத்தான் இறங்கினவன், திரும்பவும் அதுலயே ஏறி உக்காந்துடுவான்.

கரண்டு இல்லடா, காத்துக்கு வந்துட்டேன், மறந்து போச்சுன்னேன்.

அவன் என் தோளைப் பிடிச்சு மெதுவா உள்ளே கூட்டிக்கிட்டுப் போனான். அழுத கண்ணைப் பார்த்துட்டு, படி தாண்டினதுக்குத்தான் அழறேன்னு நெனச்சிக்கிட்டான் போல. "தெரியாம வந்ததுக்குக் குத்தமில்லம்மா, அல்லாஹ் மன்னிச்சிடுவான்" னான். நான் ஆமான்னு தலையாட்டினேன். அன்னிக்கே நிகத்துக்குப் போன் பண்ணி, இதை நம்ம வீட்டு ஆம்பளைங்க யாருக்கிட்டயும் சொல்லிடாதம்மான்னு கேட்டுக்கிட்டேன். ஏன்னு அது கேட்டுச்சு. அடுப்புல பால் இருக்கும்மான்னு சொல்லிட்டுப் போனை வெச்சிட்டேன்.

மிச்ச நாளும் நான் அந்தப் படியை இறங்கல. இத்தா முடிஞ்ச அன்னிக்கு அசார் லீவு போட்டிருந்தான். புது வண்டியைத் துடைச்சு, பின்கதவைத் திறந்து வெச்சிட்டு வந்து, வாசப்படியில என் கையைப் பிடிச்சிக்கிட்டான். இனிமே கூடும்மா, பார்த்து இறங்குன்னான். இத்தனை நாளும் போகாத எடத்துக்குப் போறவளாட்டம், நான் ஒரு காலை மெதுவாக் கீழ வெச்சேன்.